பி.எல்.எஃப்.எஸ். மதிப்புரை: நல்ல தராசு, தவறாகப் படிக்கப்படும் முள்

நாட்டில் வேலை கிடைக்கிறதா, கிடைப்பது எப்படிப்பட்ட வேலை, கூலி எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்கு இந்தியா முழுவதையும் அளந்து பதில் சொல்கிற அரசுக் கணக்கெடுப்பு, தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. புழக்கத்தில் அதன் பெயர் பி.எல்.எஃப்.எஸ். 2017 ஏப்ரலில் தொடங்கியது. அதற்கு முன்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த வேலைவாய்ப்புச் சுற்றுகளின் இடத்தை இது பிடித்தது. அறிக்கையும் இலவசம், ஒவ்வொரு நபரின் பதிலும் பெயர் நீக்கப்பட்டு அடங்கிய மூலத் தரவும் இலவசம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பத்திரிகையாளர், ஆய்வு மாணவர், தொழிற்சங்கத்துக்காகக் கணக்குப் பார்ப்பவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என யாராக இருந்தாலும் இதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது உழைப்புக்குத் தகும். ஆனால் செய்தித் தலைப்பில் வருகிற வேலையின்மை விகிதம் (வேலையில் இருப்போரும் தேடுவோரும் சேர்ந்த நூறு பேரில் வேலை இல்லாமல் தேடுபவர் எத்தனை பேர்) என்ற அந்த ஒற்றை எண்தான் இதில் மிகக் குறைவாக விஷயம் சொல்வது. ஒரு கொள்கை வேலை தந்ததா இல்லையா என்பதை அதை மட்டும் வைத்து முடிவு செய்தால், பெரும்பாலும் தவறாகத்தான் போகும்.

காரணம் தொழிலாளர் சந்தையின் அமைப்பிலேயே இருக்கிறது. வேலை போனால் உதவித்தொகை தரும் ஏற்பாடு நம் நாட்டில் மிகச் சிலருக்கே உண்டு. எனவே கையில் காசில்லாதவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போவார், தம்பியின் கடையில் நிற்பார், ஊருக்குத் திரும்பி வயலில் இறங்குவார். கணக்கெடுப்பில் இவர்கள் அனைவரும் ‘வேலையில் இருப்பவர்’. வேலையில்லாதவர் என்று பதிவாக வேண்டுமானால், சில மாதங்கள் காத்திருந்து தேட வீட்டில் வசதி வேண்டும். அதனால்தான் 2023-24ல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வேலையின்மை 3.2% ஆக இருக்க, பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே அது 6.5% ஆக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே ஏறக்குறைய இல்லவே இல்லை. எழுத்தறியாதவர்களுக்கு நல்ல வேலை கொட்டிக் கிடக்கிறது என்று இதற்கு யாரும் பொருள் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு அளவுகோல்கள்

பி.எல்.எஃப்.எஸ். ஒரே நபரை இரண்டு விதமாக அளக்கிறது. இது புரியாமல் ஓர் அட்டவணையையும் தொடக் கூடாது.

முதலாவது வழக்கமான நிலை. கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார் என்பது முதன்மை நிலை. அதோடு 30 நாளோ அதற்கு மேலோ ஏதாவது வேலை செய்திருந்தால் அது துணை நிலை. ஆண்டறிக்கையின் முக்கிய எண்கள் இரண்டையும் சேர்த்தவை. எட்டு மாதம் வேலை தேடி, நடுவில் ஒன்றரை மாதம் அறுவடைக்குப் போனவர் இந்த அளவுகோலில் வேலையில் இருப்பவர்.

இரண்டாவது நடப்பு வார நிலை. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் வேலையில் இருப்பவர். ஒரு மணி நேரம் என்பதைக் கேட்டுப் பலர் கொதிக்கிறார்கள். அது உலகெங்கும் பின்பற்றப்படும் வரையறைதான், இந்திய அரசு தனியாகக் கண்டுபிடித்ததல்ல. இந்திய வரையறை உண்மையிலேயே விலகி நிற்பது வேறோர் இடத்தில். தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிர் செய்வதையும் மாடு வளர்ப்பதையும் பி.எல்.எஃப்.எஸ். வேலைவாய்ப்பாகவே கணக்கிடுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கீழ் 2013ல் ஏற்கப்பட்ட புதிய வரையறையோ அதை வேலைவாய்ப்பிலிருந்து தனியே பிரித்துவிட்டது. நம் பெண்களின் பங்கேற்பு விகிதத்தை (நூறு பேரில் வேலையில் இருப்போரும் தேடுவோரும் சேர்ந்து எத்தனை பேர் என்பதை) இன்னொரு நாட்டின் எண்ணோடு பக்கத்தில் வைக்கும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு அளவுகோலுக்கும் இடைவெளி சிறியதல்ல. அதே 2023-24ல் வழக்கமான நிலையில் 3.2% ஆன வேலையின்மை, நடப்பு வார நிலையில் 4.9%. வயது வரம்பும் எண்ணை மாற்றும். 2017-18க்கான எண் ஓரிடத்தில் 6.1% என்றும் இன்னோரிடத்தில் 6.0% என்றும் இருப்பதைப் பார்த்துப் பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. முன்னது எல்லா வயதினருக்கும், பின்னது 15 வயதுக்கு மேற்பட்டோருக்கும் உரியது. இரண்டுமே சரி.

எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் செய்ய வேண்டிய சரிபார்ப்பு ஒன்று உண்டு. தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தை, நூறிலிருந்து வேலையின்மை விகிதத்தைக் கழித்த பங்கால் பெருக்கினால் வேலையில் இருப்போரின் விகிதம் வர வேண்டும். 2023-24ல் பங்கேற்பு 60.1, வேலையின்மை 3.2. பெருக்கினால் 58.2, அறிக்கையிலும் அதேதான். பெருக்கல் ஒத்துவரவில்லை என்றால், கட்டுரையை எழுதியவர் இரண்டு வேறு அட்டவணையிலிருந்து எண்களை எடுத்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

2019-20: முழு மதிப்புரையும் இந்த ஓர் ஆண்டில் இருக்கிறது

கணக்கெடுப்பு ஆண்டு அப்போது ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஆகவே 2019-20 என்ற ஆண்டின் கடைசிக் காலாண்டு 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதாவது முழு ஊரடங்கு. பி.எல்.எஃப்.எஸ். காலாண்டு இதழின்படி அந்த மூன்று மாதத்தில் நகர்ப்புற வேலையின்மை 20.8%. முந்தைய காலாண்டில் 9.1% ஆக இருந்தது. இது நடப்பு வார நிலை.

அதே ஆண்டின் ஆண்டறிக்கையைத் திறந்தால் வேலையின்மை 5.8%லிருந்து 4.8% ஆகக் குறைந்திருக்கிறது. அடுத்த ஆண்டில் இன்னும் குறைந்து 4.2%.

எண்கள் பொய் சொல்லவில்லை. வழக்கமான நிலை 365 நாளைத் திரும்பிப் பார்ப்பது, கடைசி மூன்று மாத அதிர்ச்சி அதில் கரைந்துவிடும். அது ஒரு காரணம். பெரிய காரணத்தைத் துறைவாரி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். வேலையில் இருப்போரில் விவசாயத்தில் இருந்தவர்களின் பங்கு 2018-19ல் 42.5%. 2019-20ல் 45.6%. 2020-21ல் 46.5%. பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்த பங்கு திடீரென்று ஏறுகிறது. பட்டறையையும் கட்டட வேலையையும் இழந்தவர்கள் குடும்ப நிலத்துக்குத் திரும்பினார்கள். நிலம் அதே அளவு, பிரித்துக்கொள்ளும் கை மட்டும் கூடியது. இதைத்தான் தலைப்பு எண் ‘வேலையின்மை குறைந்தது’ என்று சொன்னது.

இந்த ஆட்கள் திரும்பிப் போனார்களா என்பதுதான் அதற்குப் பிந்தைய கொள்கைகளை மதிப்பிடக் கேட்க வேண்டிய கேள்வி. 2023-24ல் விவசாயத்தின் பங்கு 46.1%. உற்பத்தித் துறையின் பங்கு 11.4%. வேலையின்மை 3.2% என்பதை மட்டும் பார்த்தவருக்கு இது கண்ணில் படாது.

ஆகவே ஆண்டறிக்கை வந்ததும் பார்க்க வேண்டிய வரிசை இது: துறைவாரிப் பங்கு, அதன் பின் வேலைவகைப் பங்கு, அதன் பின் கூலி. வேலையின்மை விகிதம் கடைசியில்.

வேலைவகை என்ற பொக்கிஷம்

ஒவ்வொருவருக்கும் இரண்டிலக்கக் குறியீடு ஒன்று தரப்படுகிறது. 11 என்றால் ஆள் வைக்காமல் சொந்தமாகத் தொழில் செய்பவர், 12 என்றால் ஆள் வைத்துத் தொழில் செய்பவர், 21 என்றால் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர், 31 என்றால் மாதச் சம்பளக்காரர், 51 என்றால் தினக்கூலி, 81 என்றால் வேலை தேடுபவர், 91 என்றால் படிப்பவர், 92 என்றால் வீட்டு வேலைகளை மட்டும் கவனிப்பவர். நடப்பு வார நிலையில் நூறு நாள் வேலைக்கென்று 42 என்று தனிக் குறியீடும் உண்டு. இந்தக் குறியீடுகள் மனதில் பதிந்துவிட்டால் அறிக்கையின் பாதி தானாகப் புரியும்.

இதன் அருமை பெண்களின் கணக்கில் தெரிகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18ல் 23.3%. 2023-24ல் 41.7%. ஆறே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் என்றால் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் வேலைவகையைப் பார்த்தால், வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் என்ற தலைப்பின் கீழ் வருவோர் அதே காலத்தில் 51.9%லிருந்து 67.4% ஆகியிருக்கிறார்கள். இதைத் தையல் இயந்திரம் வாங்கிய பெண்ணாகவும் கடை திறந்த பெண்ணாகவும் கற்பனை செய்யக் கூடாது. வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறியீடு 21, அதாவது ஊதியமே இல்லாத குடும்ப உதவியாளர்கள். வருமானக் கேள்விகளில் இவர்களுக்குக் கட்டமே கிடையாது.

கணக்கெடுப்பாளர் கேட்கும் விதமும் இந்த ஏற்றத்தில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். 21க்கும் 92க்கும் இடையில் ஒரு கேள்விதான் தூரம். ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்று சொல்லும் பெண்ணிடம் மாட்டுக்குத் தீவனம் வைப்பது யார், களை எடுப்பது யார் என்று மறுபடி கேட்டால் குறியீடு மாறிவிடும். பெரும்பாலும் பதில் சொல்பவர் அதே வீட்டின் வேறோர் உறுப்பினர் என்பது இந்தக் கணக்கெடுப்பின் பழைய பலவீனம். எனவே பெண்களின் வேலை பற்றிப் பேசும்போது பங்கேற்பு விகிதத்தோடு 31ஆம் குறியீட்டின் பங்கையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

31ஆம் குறியீடும் தங்கமல்ல. 2017-18 அறிக்கைப்படி விவசாயம் அல்லாத துறைகளின் மாதச் சம்பளக்காரர்களில் 71.1% பேரிடம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை. 54.2% பேருக்குச் சம்பளத்தோடு விடுப்பு இல்லை. 49.6% பேருக்கு எந்தச் சமூகப் பாதுகாப்பும் இல்லை. தொழிலாளர் சட்டங்களின் கடுமையால்தான் நிறுவனங்கள் ஆள் எடுக்கத் தயங்குகின்றன என்ற பழைய விவாதத்தில் இறங்குபவர், சட்டம் எட்டவே எட்டாத சம்பளக்காரர்கள் இத்தனை பேர் என்பதை முதலில் மேசையில் வைக்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளும் ஒவ்வோர் ஆண்டும் கேட்கப்படுகின்றன. அறிக்கையில் எனக்கு மிகவும் மதிப்புள்ள பக்கங்கள் இவை.

மூலத் தரவைத் திறக்கும்போது

புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பதிவு செய்து கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். குடும்பக் கோப்பு, நபர் கோப்பு என்று தனித்தனி. 2023-24 வரையிலான தரவில் நகர்ப்புறத்துக்கு மட்டும், அதே குடும்பத்தை மறுபடி சந்தித்து எடுத்த மறுவருகைக் கோப்புகளும் உண்டு. வழக்கமான நிலைக் கணக்குக்கு முதல் வருகைக் கோப்பு மட்டும் போதும். மறுவருகையையும் சேர்த்துவிட்டால் நகரத்தார் திரும்பத் திரும்ப எண்ணப்படுவார்கள். புதிதாக வருபவர்கள் சறுக்கும் முதல் இடம் இது.

அடுத்த சறுக்கல் எக்செல். தரவு நிலையான அகல உரைக் கோப்பு, எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை எந்த விவரம் என்பதைக் கூடவே வரும் அமைப்புத் தாள் சொல்லும். அதை எக்செல்லில் அப்படியே திறந்தால் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். தமிழ்நாட்டின் குறியீடு 33, அதற்கு ஆபத்தில்லை. உத்தரப் பிரதேசத்தின் 09 வெறும் 9 ஆகிவிடும். குடும்பக் கோப்பையும் நபர் கோப்பையும் இணைக்கும் சாவி பல குறியீடுகளை ஒட்டி உருவாக்கப்படுவது: காலாண்டு, வருகை, முதல்நிலை அலகின் (மாதிரிக்கு எடுத்த கிராமம் அல்லது நகரப் பகுதியின்) எண், துணைப் பிரிவு, இரண்டாம் நிலை அடுக்கு, குடும்ப வரிசை எண். ஒரு பூஜ்யம் போனாலும் ஒரு குடும்பத்தின் ஆட்கள் இன்னொரு வீட்டில் போய் ஒட்டிக்கொள்வார்கள். ஆர், ஸ்டேட்டா, பைத்தான் என எந்த மென்பொருளில் படித்தாலும் எல்லாக் குறியீடுகளையும் எழுத்தாகப் படியுங்கள், எண்ணாக அல்ல.

மூன்றாவது எடை. ஒவ்வொரு பதிலும் எத்தனை பேரைப் பிரதிநிதிக்கிறது என்பதற்கான பெருக்கி கோப்பில் இருக்கும், ஆனால் அது அப்படியே பயன்படாது. 2023-24 வரையிலான கோப்புகளில் துணை மாதிரிக்கான அலகு எண்ணிக்கையும் மொத்த எண்ணிக்கையும் சமமாக இருந்தால் பெருக்கியை 100ஆலும், இல்லையென்றால் 200ஆலும் வகுக்க வேண்டும். ஆண்டுக் கணக்குக்கு அதையும் காலாண்டு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். காலாண்டால் வகுக்க மறந்தால் இந்திய மக்கள்தொகை ஏறத்தாழ நாலு மடங்காக வந்து நிற்கும். விகிதம் மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பிழை பெரிதாகக் கண்ணில் படாது, அதுதான் ஆபத்து.

வேலையில் இருப்பவர் என்பதற்கு முதன்மைக் குறியீடோ துணைக் குறியீடோ 11 முதல் 51க்குள் இருக்க வேண்டும். வேலையில்லாதவர் என்பதற்கு முதன்மை 81ஆகவும், துணை வேலை எதுவும் இல்லாமலும் இருக்க வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் எடுத்து இப்படிக் கணக்கிட்டு 2023-24க்கு 60.1, 58.2, 3.2 ஆகிய மூன்றும் வருகின்றனவா என்று பாருங்கள். வராதவரை சொந்த அட்டவணை எதுவும் போட வேண்டாம். துணை நிலையைச் சேர்க்க மறந்திருந்தால் பங்கேற்பு குறைவாக வரும், பெண்களுக்கு அதிகமாகக் குறையும்.

விகிதம் நம்பகமானது, தலைக்கணக்கு அப்படியல்ல. எடையைக் கூட்டினால் கிடைக்கும் மக்கள்தொகை, உத்தேச மக்கள்தொகையைவிடக் குறைவாகவே வரும். ‘இத்தனை கோடிப் பேர் வேலையில்’ என்று எழுத வேண்டுமானால், விகிதத்தை மட்டும் இங்கிருந்து எடுத்து, அதிகாரப்பூர்வ மக்கள்தொகைக் கணிப்பால் ஆண், பெண், ஊரகம், நகரம் என்று நான்காகப் பிரித்துப் பெருக்க வேண்டும். அந்தக் கணிப்பே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது என்பதால் கோடிக் கணக்கில் சொல்லப்படும் வேலைவாய்ப்பு எண்களை ஒரு படி தள்ளி வைத்தே படிப்பது நல்லது.

எவ்வளவு நுணுக்கமாக வெட்டலாம்

2017-18ல் எடுக்கப்பட்டவை 1,02,113 குடும்பங்கள், 4,33,339 நபர்கள். நாட்டுக்குப் போதும், பெரிய மாநிலத்துக்கும் போதும். ‘ஒரு மாநிலத்தின் நகர்ப்புற இளம்பெண் பட்டதாரிகள்’ என்று வெட்டினால் கட்டத்தில் சில நூறு பேர்தான் மிஞ்சுவார்கள். 300 பேர், வேலையின்மை 10% என்று வைத்துக்கொண்டால், எளிய மாதிரியாக இருந்தாலே உண்மை எண் ஏறத்தாழ 6.6%க்கும் 13.4%க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஒரே ஊர், ஒரே தெரு என்று கொத்தாக எடுக்கும் மாதிரியில் அந்த அகலம் இன்னும் கூடும். கட்டத்தில் எடையில்லாத எண்ணிக்கை எவ்வளவு என்று எழுதாமல் மாவட்ட வேலையின்மையைப் போடும் கட்டுரைகளைக் கண்டால் கடந்து போய்விடலாம்.

2011-12 சுற்றோடு ஒப்பிடும் பழக்கமும் இதே வகை. அப்போது 2.2%, 2017-18ல் 6.1% என்று பலர் நேரடியாகக் கழித்தார்கள். பழைய சுற்று குடும்பங்களை வசதியின் அடிப்படையில் அடுக்கியது, பி.எல்.எஃப்.எஸ். குடும்பத்தில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு முடித்தார்கள் என்பதை வைத்து அடுக்கியது. நிலைமை மோசமானது உண்மை என்றே நான் படிக்கிறேன். ஆனால் 3.9 புள்ளி முழுவதையும் அதன் கணக்கில் எழுத முடியாது.

2025க்குப் பிறகு

2025 ஜனவரி முதல் கருவி மாறிவிட்டது. முதல்நிலை அலகுகள் சுமார் 12,800லிருந்து 22,692 ஆயின, ஓர் அலகுக்கு 8 குடும்பம் என்பது 12 ஆனது. ஊரகத்திலும் நகரத்திலும் ஒரே குடும்பத்தை நான்கு மாதம் தொடர்ந்து சந்திக்கிறார்கள். கணக்கெடுப்பு ஆண்டும் ஜனவரி–டிசம்பர் ஆகிவிட்டது. முதல் மாதாந்திர இதழ் 2025 மே 15 அன்று வந்தது: ஏப்ரலில் வேலையின்மை 5.1%, பங்கேற்பு 55.6%.

இது பெரிய முன்னேற்றம். மனமாரப் பாராட்ட வேண்டியது. 2017-18 அறிக்கை தேர்தல் முடியும்வரை காத்திருந்து 2019 மே 31 அன்று வெளியானதை நினைத்துப் பார்த்தால் தூரம் புரியும். ஆனால் 60.1லிருந்து 55.6க்குப் பங்கேற்பு சரிந்துவிட்டது என்று எழுதினால் தவறு. முன்னது வழக்கமான நிலை, பின்னது நடப்பு வார நிலை. மே மாதம் 5.6% ஆனதையும் நெருக்கடி என்று எழுதத் தேவையில்லை. வார நிலை விதைப்பையும் அறுவடையையும் பின்தொடர்ந்து ஏறி இறங்கும். ஒரு மாதத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு வைக்காமல், சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு வையுங்கள்.

மாற்று என்ன இருக்கிறது

சி.எம்.ஐ.இ. என்ற தனியார் ஆய்வு நிறுவனத்தின் தரவு கட்டணத்துக்குக் கிடைப்பது. பேட்டி எடுக்கும் நாளின் நிலையைக் கேட்பதால் அதில் பெண்களின் பங்கேற்பு மிகக் குறைவாக வரும். பி.எல்.எஃப்.எஸ்.-ஓடு நேராக ஒப்பிட முடியாது. ரிசர்வ் வங்கியின் கே.எல்.இ.எம்.எஸ். என்ற துறைவாரி உற்பத்தித்திறன் தரவு வேலைவாய்ப்பு எண்ணுக்கு பி.எல்.எஃப்.எஸ்.-ஐயே மூலமாகக் கொள்வது. எனவே ஒன்றை இன்னொன்றுக்குச் சாட்சியாக வைக்கக் கூடாது.

வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மாதாந்திரச் சந்தாதாரர் கணக்கு வேறு சங்கதி. 19 பேர் வேலை செய்த நிறுவனம் இன்னும் ஒருவரை எடுத்து 20ஐத் தொட்டால், தகுதியுள்ள எல்லோரும் புதுச் சந்தாதாரர் ஆவார்கள். உருவான வேலை ஒன்றுதான். 2025 ஆகஸ்ட் 1 முதல் மத்திய அரசு, முதல்முறை வேலைக்குச் சேர்பவருக்கு 15,000 ரூபாய் வரையும், கூடுதல் ஆள் எடுக்கும் முதலாளிக்கு ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரையும் தரத் தொடங்கியிருக்கிறது. தகுதி வைப்பு நிதிப் பதிவை வைத்துத்தான் முடிவாகிறது. எனவே ஏற்கெனவே வேலையில் இருந்தவரைப் பதிவுக்குள் கொண்டுவந்தாலும் சந்தாதாரர் எண்ணிக்கை ஏறும், புதிதாக ஆள் எடுத்தாலும் ஏறும். இரண்டையும் பிரித்துக் காட்ட பி.எல்.எஃப்.எஸ். வேண்டும். 31ஆம் குறியீட்டின் பங்கு அப்படியே இருக்க, அவர்களில் சமூகப் பாதுகாப்பு உள்ளவர்கள் மட்டும் கூடினால் நடந்தது பதிவு. அதுவும் தொழிலாளிக்கு நல்லதுதான். 31இன் பங்கே கூடி, விவசாயத்தின் பங்கு குறைந்தால் நடந்தது வேலை. திட்டம் ஓடும் 2027 ஜூலை வரை ஆண்டறிக்கையில் இந்த மூன்று எண்களையும் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். அடிப்படை ஆண்டாக 2023-24ஐ எடுக்காமல், புதிய மாதிரி அமைப்பில் வந்த 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.